தம்புசாமி மாட்டிய விசிறி

ஆண்கள் அணியும் சட்டை ஒன்றில் பத்திரமாகச் சுற்றியிருந்ததை மேசைமேல் வைத்து, அந்த அம்மாள் மெல்லப் பிரித்தார். உள்ளே இருந்தது, கையகலக் கம்ப்யூட்டர் விசிறி ஒன்று.

"இது எவ்வளவு காத்து தள்ளுதுன்னு சரியா அளந்து சொல்லணும் தம்பி. பேப்பர்ல எழுதியும் தரணும்."

குகனுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் மாடிக்கடையில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தபடி, விசிறிகளின் காற்றை அளந்து யூடியூபில் போடுகிறவன் அவன். அதைப் பார்த்துவிட்டு கேம் விளையாடும் பையன்கள்தான் தேடி வருவார்கள். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள், அழுது வீங்கிய கண்களோடு வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

கம்பெனிச் சட்டை அது. பையின் மேலே 'தம்புசாமி' என்று பெயர் தைத்திருந்தது.

"யாரு ஆன்டி தம்புசாமி?"

"இத மாட்டுனவர். ஆபீஸ்ல ஒரு நாளு சர்வர் சூடாகி நின்னுருச்சு. மட்டமான ஃபேன மாட்டிட்டார்னு ரிப்போர்ட் போயிருச்சு. பத்தொம்பது வருஷ வேலை, ஒரே லெட்டர்ல போச்சு."

அவர் குரல் இறங்கியது.

"அப்புறம் மோட்டார்சைக்கிள்ல வீடு வீடா சாப்பாடு அனுப்பப் போனார். போன மாசம், பந்திங் ரோட்டுல, நல்ல மழை. பின்னால வந்த லோரி..."

குகன் விசிறியில் மின்கம்பியைப் பொருத்தி ஓடவிட்டான்.

"ரிப்போர்ட்ல நிமிஷத்துக்கு எத்தன கன அடின்னு இருக்கு?"

"முப்பத்தொன்னு. டப்பாவுல ஐம்பத்தாறுன்னு போட்டிருக்கு."

"எப்படி அளந்தாங்களாம்?"

அந்த அம்மாள் மேசையிலிருந்த, காற்றை அளக்கும் கைமீட்டரை எடுத்தார். சுழலும் விசிறியின் நட்டநடுவில் ஒட்டினாற்போல் பிடித்து, எண் நிலைக்கும்வரை பொறுத்திருந்து, கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார்.

"இப்படித்தான்."

"அட, அது தப்பு ஆன்டி! நடுவுல மோட்டார் இருக்கு, அங்க காத்தே வராது. ஓரத்துலதான் வரும், அதுவும் நேரா வராம சுழண்டுக்கிட்டு வரும். இப்படி வச்சா எந்த நல்ல ஃபேனும் மட்டமாத்தான் காட்டும் லா."

அவர் மீட்டரை மெதுவாகக் கீழே வைத்தார்.

வேறு காற்று கலக்காதபடி குகன் ஏர்கோனை நிறுத்தினான், கதவைச் சாத்தினான். மூன்றடி பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையில் விசிறியை இறுகப் பொருத்தினான். உள்ளே நெருக்கி அடுக்கியிருந்த உறிஞ்சுகுழல்களின் வழியே போனால், சுழன்று வரும் காற்றும் நேராகிவிடும். மறுமுனையில் ஐந்து இடங்களில் அளந்து, சராசரி எடுத்துக் கணக்கிட்டான்.

ஐம்பத்தைந்து.

மறுபடியும் அளந்தான். ஐம்பத்தைந்து. மூன்றாவது தடவை ஐம்பத்தாறு. அதுவரை அந்த அம்மாள் நாற்காலியில் உட்காரவே இல்லை.

"நல்ல ஃபேன் ஆன்டி. இதுல ஒரு குறையும் கிடையாது. சர்வர் சூடானதுக்கு வேற ஏதோ காரணம்."

இதைக் கேட்டு அவர் முகம் தெளியும் என்று குகன் எதிர்பார்த்தான். அவரோ மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். கண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆள் போன பிறகு உண்மை தெரிந்து என்ன பயன் என்று நினைத்து அழுகிறார் போலும். குகன் தண்ணீர் போத்தலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"பேப்பர்ல யாரு பேரு போடணும்?"

"திருமதி வீரம்மா தம்புசாமின்னு போடுங்க."

அளந்த விதத்தையும் மூன்று எண்களையும் விவரமாக எழுதி, கையெழுத்திட்டு, கடை முத்திரையையும் குத்தினான். எழுத எழுத அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

"வீரம்மா ஆன்டி, தப்பா நினைக்காதீங்க. அளக்கத் தெரியாம அளந்து ஒரு மனுசன் பொழப்பையே கெடுத்த ஆளு யாரு? மேனேஜரா?"

அவர் ஆமென்று தலையசைத்தார்.

"அப்ப நேரா அங்க போங்க. இந்தப் பேப்பர அந்த மேனேஜர் மூஞ்சில வீசிட்டு வாங்க!"

அந்த அம்மாள் தாளை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"வீரம்மா பந்திங்ல இருக்காங்க தம்பி. அவர் ஆபீஸ்ல விட்டுட்டுப் போன இந்தச் சட்டையோட, இதையும் அவங்க கையில கொடுக்கத்தான் இப்பப் போறேன்."

குகன் விழித்தான். கதவுவரை போனவர், திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார்.

"அந்த மேனேஜர் நான்தான்."