பச்சைப் பொய்

மூன்றாவது மாடிப் பெரியவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று குடியிருப்பே முடிவு கட்டிவிட்டது. முடிவு கட்டாமல் என்ன செய்வார்கள்? மனிதர் காலையும் மாலையும் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து, பிளாஸ்டிக் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஆமாம், பிளாஸ்டிக் செடிகளுக்குத்தான். நிஜச் செடிகளையெல்லாம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் இந்தக் கோடையின் தொடக்கத்திலேயே பிடுங்கி எறிந்துவிட்டார். இலை உதிர்கிறது, கொசு அடைகிறது, அணில் காருக்குள் புகுந்து ஒயரைக் கடிக்கிறது என்று அவருக்கு ஆயிரம் காரணம். அந்த இடத்தில் சிமெண்ட் பூசி, பச்சை விரிப்பை விரித்து, தொட்டி தொட்டியாகப் பிளாஸ்டிக் செடிகளை வைத்தார். 'புல்லை மிதிக்காதீர்கள்' என்ற பழைய பலகையை மட்டும் மறக்காமல் திரும்ப நட்டார்.

இந்தச் செயலாளருக்குக் குடியிருப்பில் பெயரே 'பச்சை'தான். இயற்கை என்றால் அவருக்கு உயிர். விடிந்ததும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காட்டுப் படத்தைப் போட்டு, 'மரங்களோடு வாழ்வோம், மருந்தில்லாமல் வாழ்வோம்' என்று எழுதாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் காவலாளியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு இலையையும் ஈரத்துணியால் துடைக்கச் சொல்வார்.

பெரியவர் தண்ணீர் ஊற்றியதை எல்லாரும் பார்த்துச் சிரித்ததோடு விட்டுவிட்டார்கள். பச்சையால் அப்படி விட முடியவில்லை. செடிகளுக்குக் கீழே கார் நிறுத்தும் தளம். ஊற்றுகிற தண்ணீரைக் குடிக்க அங்கே வேரா இருக்கிறது? அது சிமெண்ட் விரிசலில் இறங்கி, ஓரமாகக் கீழே சொட்டியது. அந்த ஓரத்துக்கு நேர் கீழே நின்றது பச்சையின் புதுக் கார்.

ஒரு நாள் சாயங்காலம் பச்சை ஒரு பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பெரியவர் முன்னால் வந்து நின்றார்.

"சார், இது பிளாஸ்டிக். உங்களுக்குப் புரியுதா?"

பெரியவர் சட்டென்று மேலே தன் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"தெரியும் தம்பி. மெதுவாப் பேசுங்க. அவ பார்த்துக்கிட்டிருக்கா."

கெஞ்சாத குறையாக விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் தோட்டம் காணாமல் போனது. அந்தச் செடிகளில் பாதி அந்தம்மா கையால் வைத்தவை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்ததும், செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார். இவருக்கு உண்மையைச் சொல்ல நா எழவில்லை. நான்தான் என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய்க்காக வாளியைத் தூக்கினார். இப்போது தினமும், ஓரத்துச் செடி வாடுகிறது, போய்ப் பாருங்கள் என்று அந்தம்மா அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

"உங்க பொய்க்கு என் கார் நனையணுமா?" என்றார் பச்சை. தோட்டத்துக் குழாயைப் பூட்டப் போவதாகச் சொன்னார். அதோடு நின்றிருக்கலாம். நோயாளியை ஏமாற்றுவது பாவம், தானே மேலே போய் உண்மையைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். அடுத்தவர் வீட்டு உண்மை என்றால் சிலருக்கு அப்படி ஒரு அக்கறை.

"குழாயை வேணா பூட்டிக்குங்க தம்பி. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பச்சை அதற்குள் லிஃப்டில் ஏறிவிட்டார்.

மேலே வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே அந்தம்மா தலையணையில் சாய்ந்து ஜன்னல் வழியே கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை தொண்டையைச் செருமினார்.

"செடி பிளாஸ்டிக்னு சொல்ல வந்தீங்களா தம்பி?"

பச்சைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வந்த அன்னைக்கே தெரியும். ஒரு பட்டாம்பூச்சிகூட வந்து உட்காராத தோட்டம் என்ன தோட்டம்?"

"அப்புறம் ஏம்மா அவரைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?"

அந்தம்மா கட்டிலை ஒட்டிக் கிடந்த நாற்காலியைக் காட்டினார். தான் விழுந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரியில் இதேபோல் கட்டிலோர நாற்காலியில் உட்கார்ந்தவர், வீட்டுக்கு வரும்வரை அதைவிட்டு எழுந்திருக்கவே இல்லையாம். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இப்படியே உட்கார்ந்திருந்தால் இதயம் தாங்காது, வெளியே போங்கள், செடி கொடி பக்கம் நடங்கள், உடம்பில் வெயில் படட்டும் என்று திட்டியிருக்கிறார். உன்னை விட்டுவிட்டு ஒரு அடி நகரமாட்டேன் என்று இவர் ஒரே பிடியாக உட்கார்ந்துவிட்டார்.

"செடி வாடுதுன்னு சொன்னா மட்டும் எழுந்திருப்பார். இப்பத்தான் முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. ராத்திரி தூங்குறார். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா, மறுபடியும் இந்த நாற்காலிதான்."

பச்சை ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தார்.

"நிஜச் செடி இருந்திருந்தா நான் பொய் சொல்லியிருக்க வேண்டாம் தம்பி" என்றார் அந்தம்மா. குரலில் கோபம்கூட இல்லை.

காலையில் எழுதுகிற வாசகம் ஒன்றுகூட அப்போது பச்சையின் உதவிக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. லிஃப்ட் இருப்பதை மறந்து படியிறங்கினார்.

கீழே பெரியவர் காலி வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சொல்லிட்டீங்களா தம்பி?"

பச்சை மேலே ஜன்னலைப் பார்த்தார். பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, தன் காருக்கு நேர் மேலே இருந்த தொட்டியைக் கை காட்டினார்.

"அந்த ஓரத்துச் செடி வாடின மாதிரி இருக்கு சார். அதுக்கும் கொஞ்சம் ஊத்துங்க."