இப்போதுதான் ஊர் மாதிரி

முதல் வாய் சொதியை விழுங்கியதும் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது ஈரம்.

சொதிக்காக அழுகிற ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

டப்ளினுக்கு வந்த நாளிலிருந்து அசல் திருநெல்வேலிச் சொதி தேடி அவர் ஏறி இறங்காத ஹோட்டல் இல்லையாம். இன்றைக்குக் கிடைத்துவிட்டது. சரியாக இருக்கிறதா என்று சொல்ல அவளையும் இழுத்து வந்திருந்தார். ஆபீஸில் அந்தப் பக்கத்து ஆள் அவள் ஒருத்திதான்.

"நீ சொல்லும்மா. நம்ம வீட்டுக் கல்யாணச் சொதி மாதிரியே இருக்குல்லா?"

நம்ம வீடு.

அவள் வீட்டுக் கல்யாணங்களில் சொதி கிடையாது. மேலத்தெருக் கல்யாணங்களில் உண்டு. அங்கே அவள் அம்மா எச்சில் இலை எடுப்பாள். கடைசியில் கொல்லைப்புறத்தில் அம்மாவுக்கும் ஓர் இலை போடுவார்கள். அதையும் அம்மாவேதான் எடுக்க வேண்டும். மிச்சம் மீதி தூக்குச்சட்டியில் வீட்டுக்கு வரும். சாம்பாரும் சொதியும் பாயசமும் ஒன்றாய்க் கலந்து.

அந்த ருசியோடு இதை எப்படி ஒப்பிடுவது?

தலையை மட்டும் ஆட்டி வைத்தாள்.

ஹோட்டல்காரர் வந்து நின்றார். இலைகூட ஊரிலிருந்து விமானத்தில் வருகிறது என்றார். பெருமை தாங்கவில்லை.

அவளும் விமானத்தில்தான் வந்தாள்.

"எம்மா, உனக்கு எந்த ஊரு?"

சொன்னாள்.

"அங்கன எந்தத் தெரு?"

மேனேஜர் மெல்லுவதை நிறுத்தினார். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் தொண்டையில் நிற்கிற கேள்வி. படித்தவர். வாய்விட்டுக் கேட்க மாட்டார். யாராவது கேட்டால் காதைத் தீட்டிக்கொள்வார்.

"காலனி."

ஹோட்டல்காரர் முகம் சுளிக்கவில்லை. மரியாதை தெரிந்தவர். "சரி, சரி" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் மேனேஜர் இலையை மடிக்கப் போனார்.

"நீங்க விடுங்க அண்ணாச்சி." ஹோட்டல்காரரே மடித்து எடுத்துப் போனார். துணியோடு திரும்பி வந்து மேசையைத் துடைத்தார். அவள் இலை வரைக்கும் துடைத்தார். இலையைத் தொடாமல் போய்விட்டார்.

அவள் கை தன்னால் இலை நுனிக்குப் போயிற்று.

இழுத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் சார் ஊர் மாதிரியே இருக்கு."

மேனேஜர் கை கழுவி வந்து கோட்டை எடுத்து மாட்டினார். நின்றார். செல்போனைப் பார்த்தார். நல்ல மழை என்றார்.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். எச்சில் கை காய்ந்துகொண்டிருந்தது. எதிரே இலை விரித்தபடி கிடந்தது.

மேனேஜர் கல்லாப் பக்கம் பார்த்தார். ஹோட்டல்காரர் தலை நிமிரவில்லை.

சொதிக்கு அழுதவர் மறுபடி உட்கார்ந்தார். கோட்டுக் கையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். அவருடைய கை மெல்ல அவள் இலையை நோக்கி வந்தது.

பாதி மேசையில் நின்றது.

அவளுக்கு ஓர் அவசரமும் இல்லை.