நம்பத்தகுந்த வட்டாரம்

தூக்கம் வருவதாக இல்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு சோபாவில் கிடந்தாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டினால், அடுத்த நிமிடம் கூரையே இடிந்து விழுந்தாலும் தெரியாத பிறவி அவள். இன்று வயிறு எரிந்துகொண்டிருந்தது. எரிச்சலுக்குக் காரணம் ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில் பாதி.

அந்தப் பாதிப் பக்கம் அவள் புருஷனுடையது. பத்திரிகை நிருபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள்தான் ஓய்வு பெற்றார், வாய் இன்னும் பெறவில்லை. வாராவாரம் வீட்டுச் சங்கதிகளை நகைச்சுவையாக எழுதித் தள்ளுகிறார். முதல் பத்தியில் அச்சு மை வாசனை, ஆறிப்போன டீ, அந்தக் காலத்து வீர சாகசம். இரண்டாவது பத்தியிலிருந்து அவள். 'உள்துறை அமைச்சர்' என்று பட்டம் வேறு.

இத்தனைக்கும் அவள் அவரிடம் எதையும் சொல்வதை நிறுத்தி வெகுநாள் ஆகிறது.

துணிக்கடை வாசலில் நின்ற பொம்மையிடம் இதில் பச்சை இருக்கிறதா என்று கேட்டு, அது பதில் சொல்லாததால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தாள். அது அவளுக்கும் பொம்மைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். போன மாதம் அச்சில் வந்துவிட்டது. பொம்மை சொல்லியிருக்காது.

இந்த வாரம் ஸ்கூட்டர்.

வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனாள். பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதில் ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டாள். தேர்வு அதிகாரி உட்கார்ந்திருந்த நாற்காலியை அம்போவென்று விட்டுவிட்டு, சுவரேறிக் குதித்தார். பெயில். மறு டெஸ்ட் நாளைக்கு. அதற்குள் ஊரே படித்துச் சிரித்துவிட்டது. அதிகாரியும் படித்திருப்பார். சுவரின் உயரம்கூடத் துல்லியமாகப் போட்டிருந்தது.

யார் சொன்னது என்று கேட்டால் நிருபர் நெஞ்சை நிமிர்த்துகிறார். நம்பத்தகுந்த வட்டாரமாம். ஜெயிலில் தூக்கிப் போட்டாலும் பெயரைச் சொல்ல மாட்டாராம்.

டெஸ்டுக்குக் கூட வந்தவள் மருமகள் ஒருத்திதான். அதனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மருமகளோடு பேச்சில்லை. பேச வேண்டியதையெல்லாம் பிரிட்ஜைப் பார்த்துப் பேசினாள். இந்த வீட்டில் சிலருக்கு நாக்கு நீளம் என்று இன்று காலை பிரிட்ஜிடம் சொன்னபோது, அந்தப் பெண் தட்டை அப்படியே வைத்துவிட்டு, கண் கலங்க ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள்.

ரகசியத்தைக் கட்டிக் காப்பது அவ்வளவு பெரிய வித்தையா? அவள் முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். யார் யாரோடு ஓடிப்போகப் போகிறார்கள், யாருக்கு எந்த ஊரில் இன்னொரு குடும்பம் என்று எல்லாம் காதில் விழுந்தது. ஒன்றாவது வாயைத் தாண்டியிருக்குமா?

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறக்கப் போனவள் திறக்கவில்லை. ஸ்டூல் சோபாவை ஒட்டி வந்து நின்றது. அவருடைய முழங்கால் மளுக்கென்றது. பேனா மூடி கழன்றது. காப்பி வாடையோடு மூச்சு அவள் காதருகே வந்தது.

"வணக்கம், மேடம். லைன்ல இருக்கீங்களா?"

மேடமா!

கழுத்தை நீட்டிய நாளிலிருந்து அவளுக்கு அந்த வீட்டில் 'இந்தா', 'ஏய்', கோபம் வந்தால் 'உன்னைத்தான்'. இந்த 'நீங்க'வை இவ்வளவு காலம் எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார் மனுஷன்?

யோசித்து முடிப்பதற்குள், பழைய வேலைப் பழக்கத்தில், அவளைக் கேட்காமலே வாய் திறந்துகொண்டது.

"சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் பொறி தட்டியது. தினமும் இதுதான் நடந்திருக்கிறது. இவர் லைன் போட, இந்தப் பாழாய்ப்போன வாய் தூக்கத்திலேயே எடுத்து, பொம்மை, சுவர் என்று ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறது. வட்டாரமே அவள்தான்.

பழியோ மருமகள் மேல். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரிட்ஜைப் பார்த்து அல்ல, முகத்தைப் பார்த்து.

நிருபர் குரலைத் தாழ்த்தி, நாளைக்கு டெஸ்ட் எத்தனை மணிக்கு, சுவருக்கு இந்தப் பக்கம் நின்றால் நன்றாகத் தெரியுமா, அந்தப் பக்கமா என்று படு பணிவாக விசாரித்தார்.

ஸ்டூலோடு சேர்த்துத் தள்ளிவிடக் கை துடித்தது. கையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு, தூக்கக் குரலில், கொழகொழவென்று ஆரம்பித்தாள்.

"பத்திரிகை ஆசிரியர் போன் பண்ணினாரு... அடுத்த வாரத்துலேர்ந்து அந்தப் பாதிப் பக்கத்துல என்னை எழுதச் சொல்லிட்டாரு... வீட்டுக்காரரைப் பத்தி."

பேனா நின்றது.

பிறகு, முதல் வாரம் எதைப் பற்றி என்று ஒரு சன்னமான குரல் கேட்டது.

"நெத்தித் தழும்பு."

கலவரத்தில் கல்லடி பட்டும் பேனாவைக் கீழே வைக்கவில்லை என்று அவர் சலிக்காமல் எழுதிவரும் தழும்பு அது. சமையலறை அலமாரிக் கதவு இடித்ததுதான் என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு அவர் கையில் பேனா இல்லை, முறுக்கு டப்பா இருந்தது.

காகிதம் கிழிபடும் சத்தம். குறுக்கே ஒரு தரம், நெடுக்கே ஒரு தரம், அப்புறம் பொடிப்பொடியாக.

"ஸ்கூட்டர் விஷயத்தை இனிமே தொடவே மாட்டேன், மேடம். நீங்களும் அதைக் கொஞ்சம் போடாம விட்டுட முடியுமா?"

இதே கேள்வியை அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டிருக்கிறாள். முழித்துக்கொண்டு, கட்டிலில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து.

அவர் வழக்கமாகத் தரும் பதிலையே அவளும் தந்தாள். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்து, நல்ல நீளமாக, ஒரு குறட்டை.