ஏழு பிசகு

பொன்னாயி வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று விஜயாவுக்குத் தோன்றியது.

"வலது காலைத் தூக்குங்கோ" என்று ஜீவா சொன்னால், பொன்னாயி இடது காலைத் தூக்கினாள்.

"மூச்சை மெல்ல விடுங்கோ" என்றால், கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் நின்ற தேவி சிரித்தாள். "அக்காளுக்கு முதுகுல கூடை இல்லாம நிக்க வராதுங்க."

கூடமே சிரித்தது. ஜீவாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

குன்னூர் தாண்டி, பழைய எஸ்டேட் பங்களா ஒன்றில் நடக்கும் யோகா ஆசிரியர் பயிற்சி அது. ஜீவா நார்வேயில் பிறந்த பெண். தமிழ், வீட்டில் அம்மா பேசிய யாழ்ப்பாணத் தமிழ். பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு மாதம் படித்திருந்தாள். இன்று கடைசித் தேர்வு. பக்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பத்துப் பேர் மாணவிகளாக வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டும். தேறினால் சான்றிதழ், இல்லாவிட்டால் வெறுங்கையோடு விமானம்.

ஜன்னலோரம் ராஜரத்தினம் மாஸ்டர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். பொன்னாயி பிசகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்.

விஜயா அங்கே மேற்பார்வைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. மெல்ல நடந்து பொன்னாயியின் காதருகே போனாள்.

"ஏனுங்க, வெளையாட்டா இருக்குதா? அந்தப் புள்ள பொழப்புங்க இது."

"வயசாயிருச்சுங்க. ஒடம்பு வளைய மாட்டேங்குது."

முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை.

ஜீவா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, பொன்னாயியின் முன்னால் தரையில் மண்டியிட்டாள்.

வெடித்துக் காய்த்த பாதம். அதை இரண்டு கையாலும் ஏந்தித் தரையில் பதித்தாள். "பாரம் முழுக்க இதிலை விடுங்கோ, அம்மா." எழுந்து இடுப்பைத் திருப்பினாள். காதுவரை ஏறியிருந்த தோளை விரலால் தொட்டாள், தோள் இறங்கியது.

அதன்பிறகு பொன்னாயி எங்கே பிசகினாலும் ஜீவாவின் கை அங்கே போய் நின்றது.

சிரிப்பு அடங்கிவிட்டது. கூரைத் தகரத்தில் தூறல் விழும் சத்தம் மட்டும். அந்தக் கை தொடுவதைப் பார்த்தால் தொழுவது போலிருந்தது.

மணி ஆனதும் மாஸ்டர் பேனாவை மூடினார்.

"பாஸ், ஜீவா."

ஜீவா அழுதுகொண்டே பொன்னாயியைக் கட்டிக்கொண்டாள்.

ஆனாலும் விஜயாவுக்கு மனசு ஆறவில்லை. எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கையில், நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பொன்னாயியைத் தேடிப் பின்பக்கம் போனாள்.

போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஈரப் புல்லில், ஒற்றைக் காலில் பொன்னாயி நின்றுகொண்டிருந்தாள். மறு பாதம் தொடையில் ஒட்டியிருந்தது. கைகள் தலைக்கு மேல் குவிந்திருந்தன. மூடிய கண். ஐம்பத்தெட்டு வயது முதுகு, தேயிலைக்கு நடுவே எழுந்த சில்வர் ஓக் மரம் மாதிரி. பனிமூட்டம் வந்து அவளை மூடியது, விலகியது. அவள் அசையவில்லை.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று விஜயாவுக்கே தெரியாது.

"இதெல்லாம்... எங்க கத்துக்கிட்டீங்க?"

பொன்னாயி கண்ணைத் திறந்தாள். "இங்கதானுங்க. ஆறு வருசமா எல்லாப் பரீட்சைக்கும் நாங்கதானுங்களே வாறோம். பத்துப் பேருக்குமே மனப்பாடமுங்க."

"அப்புறம் ஏன் உள்ளே அப்படி நின்னீங்க?"

"ஏழு பிசகு வெச்சேனுங்க. ஏழையும் கண்டுபுடிச்சுப் போடுச்சு, கெட்டிக்காரப் புள்ள!" என்று சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"தப்பா நிக்கிறவங்களைத் திருத்துறதுக்குத்தான் பாதி மார்க்காமுங்க. அது தெரியாம, போன தடவை நாங்க பத்துப் பேரும் பிசகில்லாம நின்னு, ஒரு பையனை அழுக வெச்சு ஊருக்கு அனுப்பிட்டமுங்க."