இரண்டாவது கூப்பாடு

இந்தக் காலத்து ஆட்களுக்கு முகம் பார்த்து ஒரு சாமான் வாங்கத் துப்பில்லை என்பது அம்புரோஸின் தீர்மானம்.

காசிமேட்டில் படகு வந்து நிற்கிறது. நாலு தெரு தள்ளி இருக்கிறவன் போனைத் தடவி, ஐஸ் வைத்த பையில் வஞ்சிரம் வரவழைக்கிறான். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குகிற மீனும் ஒரு மீனா?

அவர் பிள்ளை நோயல் அதற்கும் மேலே போனான். டிவியில் ஆடுகிற கேம் சிடியைக் கூரியரில் வாடகைக்கு எடுத்தான். எந்த ஊர் என்றே தெரியாத ஒரு கம்பெனி அனுப்பும். ஆடி முடித்து, அதே உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது வரும். எந்த சிடிக்குப் பிறகு எந்த சிடி என்று ஒரு வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லி, பணமும் கட்டி வைத்திருந்தான்.

அம்புரோஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சீல் வைத்த பெட்டிக்குள்ளிருந்து செங்கல் வந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

"தெருமுனைல லூர்து கேம் கடை கீது. அவன் அப்பனையே எனக்குத் தெரியும். மூஞ்சி தெரியாதவன் உள்ள கல்ல வெச்சி அனுப்புனா, யார் சட்டையப் போய்ப் புடிப்ப?" என்று அன்றைக்கே கேட்டார்.

"லூர்து கைல கீறது பூரா கீறல் வுழுந்த சிடி நைனா" என்று சிரித்தான் நோயல்.

இன்றைக்கு அந்தக் கூரியர் உறை அவர் மடியில் இருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கூரியர் வருகிற நாளில் அவருக்கு வேறு வேலை ஓடாது. சோறும் இறங்காது.

வண்டி வந்து நின்றது.

"நோயல்! நோயல் சார், கூரியர்!"

கூரியர்காரி நர்மதாவுக்கு வெண்கலத் தொண்டை. தெருவே எட்டிப் பார்க்கும்.

உள்ளே அவர் மனைவி டோரதி மிக்சியை நிறுத்தினாள்.

அம்புரோஸ் அசையவில்லை. முதல் கூப்பாட்டுக்கு அவர் கதவைத் திறப்பதே இல்லை.

"நோயலு! வூட்ல கீறியா, இல்லியா?"

இப்போது எழுந்து திறந்தார்.

"கதவாண்டயே குந்திகினு கீற. ஒரு தபா கூப்ட்டா எந்திரிக்க மாட்டியா தாத்தா?" என்றபடி அவர் நீட்டிய உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள் நர்மதா. "இன்னா இது, போன தபா ஒட்ன டேப்பு அப்டியே கீது? உன் புள்ள ஆடவே இல்லியா?"

"காட்டுப்பள்ளில கப்பல் கட்ற வேலை. ஷிப்ட்டு மேல ஷிப்ட்டு. நீ வந்த வேலையப் பாரு."

"கோச்சிக்காத. இன்னிக்கோட உனக்கும் எனக்கும் சண்டை தீந்துச்சி." புது உறையை அவர் கையில் வைத்தாள். "வூடு வூடா அனுப்பறது கம்பெனிக்குக் கட்டுப்படியாவலியாம். அடுத்த சிடி உங்க தெருமுனை லூர்து கடைக்கே வந்துடும். அங்கயே வாங்கிக்கலாம், அங்கயே திருப்பிக் குட்த்துடலாம்."

நோயலிடம் அவர் சண்டை போட்டுக் கேட்டதும் இதைத்தான்.

"அதெல்லாம் ஆவாது" என்றார் அம்புரோஸ். "உன் ஆபீசர்கிட்ட சொல்லு. கூரியர்லதான் வேணும். நீதான் வரணும்."

நர்மதா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். "நோயல் சாரக் கேட்டன்னு சொல்லு தாத்தா."

அடுப்படி வாசலில் டோரதி ஈரக் கையோடு நின்றிருந்தாள். மிக்சியைத் திரும்பப் போடவில்லை.

அம்புரோஸ் சட்டையை மாட்டிக்கொண்டு, புது உறையோடு இறங்கினார். கொஞ்ச நாளாகவே அவர் தெருமுனைப் பக்கம் போவதில்லை. பஸ்ஸுக்குக்கூட மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார். இன்றைக்கு நேராக நடந்தார்.

லூர்து கடை டிவியில் கார்கள் மோதிக்கொண்டிருந்தன. அவரைக் கண்டதும் லூர்து எழுந்து நின்று சத்தத்தைக் குறைத்தான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள்.

"நீ ஏன் நைனா அலையற? கம்பெனில சொன்னாங்க, சிடி வந்ததும் நானே வூட்டாண்ட வந்து குட்த்துடறேன்."

அம்புரோஸ் அவனை உற்றுப் பார்த்தார்.

"வந்து, வாசல்ல நின்னுகினு, யாரக் கூப்டுவ?"

லூர்து டிவியை அணைத்தான்.

கடைக்கு மேலே, முப்பதாம் நாள் பூசை முடிந்தும் அவன் அவிழ்க்காமல் வைத்திருந்த ஃப்ளெக்ஸ் கடல்காற்றில் படபடத்தது. கூலிங்கிளாஸ் போட்ட நோயல். தலைக்கு மேலே கண்ணீர் அஞ்சலி. காலடியில் நண்பர்களின் சின்னச் சின்னப் படங்கள். அதில் முதல் படம் லூர்துவுடையது. பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்து, கல்லறை வரைக்கும் வந்தவன் அவன்.

அம்புரோஸ் திரும்பி நடந்தார்.

"நைனா!"

நிற்கவில்லை.

"நைனா!"

இரண்டாவது கூப்பாட்டுக்கும் நிற்கவில்லை. முகம் தெரிந்தவனிடம் மட்டும் எந்தச் சாமானும் வாங்கவே கூடாது என்று முனகியபடி, பிரிக்காத உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.