குளவி தொடாத நெத்திலி

மூன்று நாளாகக் குளவி வரவில்லை.

அவள் மணலில் குந்தியிருந்தாள். வலையில் காயும் நெத்திலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேனீக்குப் பூ. குளவிக்குக் கறி. வழக்கமாக மீன் அரைகுறையாகக் காயும்போதே வந்துவிடும். மீனின் வயிற்றில் உட்கார்ந்து கடிக்கும். ஒரு துணுக்கை உருட்டி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் பறக்கும். தான் தின்னாது. கூட்டிலிருக்கும் புழுக்களுக்குக் கொடுக்கும்.

கருவாட்டுக்காரிகள் அதை விரட்டுவதில்லை. குளவி கடித்தால் நல்ல மீன்.

எழுந்து கொட்டகைக்குள் போனாள். முகட்டில் கூடு அப்படியே இருந்தது. கீழே ஏழெட்டுக் குளவிகள் கால் மடங்கிக் கிடந்தன.

நெத்திலியை முகர்ந்தாள். கடல் வாசம்தான். அதற்கடியில் வேறு ஏதோ. பூச்சி மருந்து என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. இல்லையென்று விடவும் மனம் வரவில்லை.

போன வாரம் புழு வைத்துவிட்டதென்று வியாபாரி இரண்டு மூட்டையைத் திருப்பி அனுப்பியிருந்தான். அன்றிலிருந்து ஓரகத்தி அமலி ஈயைக் கண்டாலே பல்லைக் கடித்தாள். மத்தியானம் காவல் இருப்பதும் அமலிதான். தன் புருஷன் லூர்தையா சாக்கைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவதோடு சரி.

வேறு யார்?

நேரே கேட்டால் சண்டை வரும். பதினோரு வருஷமாக ஒரே வலையில் காயப்போடுகிறவர்கள்.

அந்த நெத்திலியிலேயே இரண்டு கை அள்ளினாள். கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். தட்டில் விழுந்ததும் கை பின்வாங்கும். அப்போது பிடித்துவிடலாம்.

மத்தியானம் கொட்டகையில் அமலியும் லூர்தையாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் பரிமாறினாள். அமலியின் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அமலி பிசைந்தாள்.

ஒரு வாய். இரண்டு வாய்.

"மாங்கா போட்டிருந்தா இன்னும் நல்லாருக்கும்க்கா. மீனு இன்னும் ரெண்டு போடுங்க."

அவளுக்குத் திக்கென்றது. தின்னமாட்டாள் என்று நம்பித்தான் போட்டாள். தின்றுவிட்டால் என்ன செய்வதென்று யோசிக்கவே இல்லை.

பிறகு வெட்கமாக இருந்தது. பாவம், பசியோடு தின்கிறாள். இவளைப் போயா? குளவிகள் வேறு எங்கோ எதையோ தின்று செத்திருக்கலாம்.

மனம் கொஞ்சம் லேசாகி, கரண்டியோடு தன் புருஷன் பக்கம் திரும்பினாள்.

அவன் தட்டில் நெத்திலி எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. குழம்பு படாத சோற்றை மட்டும் அள்ளிக்கொண்டிருந்தான்.

"வயிறு சரியில்ல," என்றான். தலையை நிமிர்த்தவில்லை.

அவள் அமலியின் தட்டைப் பிடுங்கினாள். வாய்க்குப் போன கையைத் தட்டிவிட்டாள். சோறு மணலில் சிதறியது.

"என்னக்கா... ரெண்டு மீனுக்கா?" அமலியின் கண் நிறைந்துவிட்டது.

லூர்தையா ஏன் என்று கேட்கவில்லை.

தண்ணீர்ச் செம்பை மெதுவாக அமலி பக்கம் தள்ளினான்.