லவோனின் பங்கு

“உங்க மனைவி பண்ணையில என்ன வேலை செய்றாங்க, எல்டன்?”

விவசாய மானிய அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி ஜோலீன் பேனாவோடு காத்திருந்தாள்.

எல்டன் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். லவோன் சுவரிலிருந்த மாவட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் நெப்ராஸ்காவில் ஆலங்கட்டி மழை மக்காச்சோளத்தை நார்நாராகக் கிழித்துப் போட்டிருந்தது. அரசாங்க மானியத்தை நம்பித்தான் அடுத்த விதைப்பு. மனைவியும் விவசாயிதான் என்று காட்டினால் அவளுக்குத் தனிப் பங்கு. இல்லையென்றால் அது போய்விடும். வரும் வழியில் லவோன் இதை இரண்டு தடவை விளக்கியிருந்தாள்.

“கூடமாட ஒத்தாசையா இருப்பா,” என்றார் எல்டன்.

“ஒத்தாசைன்னு எல்லாம் எழுத முடியாது. வேலையைச் சொல்லணும்.”

எல்டன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினார். பேசுவதென்றால் அவருக்குப் பல் பிடுங்குகிற மாதிரி. கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கே தலையைத்தான் ஆட்டினார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள்.

“லாரி ஓட்டுவா. அறுப்பு முடியுற வரைக்கும் தானிய லாரி இவ கையிலதான். மணிக்கட்டு உடைஞ்சு கட்டுப் போட்டிருந்தப்பவும் ஓட்டினா. ஒத்தக் கையால.”

ஜோலீன் எழுதினாள்.

“பனிப்புயல்ல ஒரு கன்னு பொறந்துச்சு. செத்துப்போச்சுன்னு நான் விட்டுட்டு வந்துட்டேன். இவ போய்த் தூக்கிட்டு வந்து, குளியல் தொட்டியில வெந்நீர் விட்டு உள்ள போட்டா. எந்திரிச்சு எங்க சமையலறை வரைக்கும் நடந்துச்சு.”

லவோன் வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

போதும் என்று ஜோலீன் சொல்வாள் என எல்டன் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.

“அந்தப் பெரிய வறட்சியில,” என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினார். “நிலத்தை வித்துடலாம்னு முடிவு பண்ணி, வயல் ஓரமா டிரக்கை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். இவ நடந்தே வந்தா. ஏறி உக்காந்தா. விக்காதன்னு சொல்லல. ‘விதைக்குச் சொல்லிட்டேன், செவ்வாய்க்கிழமை வந்துரும்’னா. அவ்வளவுதான்.”

ஜோலீன் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

“அதை எந்த வேலையில சேர்ப்பீங்கன்னு எனக்குத் தெரியல.”

“நான் சேத்துக்குறேன்,” என்று கையெழுத்துக்கான இடத்தைக் காட்டினாள் ஜோலீன்.

லவோன் முதலில் போட்டாள். வண்டியில் இருப்பதாகச் சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள்.

எல்டன் தானும் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வந்தபோது, அதே நாற்காலிகளில் பக்கத்துப் பண்ணை ராண்டியும் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் டவுனில் வங்கி வேலை பார்ப்பவள். மாட்டைக் கண்டால் காரை விட்டு இறங்க மாட்டாள்.

“நீங்க விவசாயம் பண்றீங்கல்ல ராண்டி, அது போதும். மனைவி பங்கு தானா வந்துரும்,” என்றாள் ஜோலீன். “அவங்க சும்மா இங்க கையெழுத்துப் போட்டா சரி.”

எல்டன் அப்படியே நின்றார். ஜோலீன் நிமிர்ந்தாள். அவரைப் பார்த்ததும் சட்டென்று இழுப்பறையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

அவளும் லவோனும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடுகிறவர்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

டிரக்கில் லவோன் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

எல்டன் ஏறிக் கதவைச் சாத்தினார். சாவியைப் போட்டார். திருகவில்லை.

“உள்ள ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்,” என்றார்.

லவோன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.